சைக்கிளை விட்டுவிட்டுப் போங்கள், கைவேலையைக் கொண்டுபோங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். வீடு மதுரை திருநகரில். மூன்று வருடமாக, பின்னால் 8 கியர் கேசட்டும் (பின்வீலில் உள்ள பல்சக்கர அடுக்கு) கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கும் உள்ள ஒரு ஹைப்ரிட் சைக்கிளில் கப்பலூருக்கு வேலைக்குப் போய்வருகிறீர்கள். செப்டம்பரில் ஜெர்மனியில் வேலைக்குச் சேர வேண்டும். அதற்குள் உயர்ந்த ரகப் பாகங்களாகப் பார்த்து மாற்றி, அதே சைக்கிளை விமானத்தில் கொண்டுபோகலாமா என்பது முதல் கேள்வி. வீட்டிலேயே எந்தெந்த ரிப்பேரைக் கற்றுக்கொள்ளலாம் என்பது அடுத்தது. மோட்டார், பைப், ஃபியூஸ் எல்லாம் இதுவரை நீங்கள்தான் பார்த்தீர்கள், இனி வீட்டில் அப்பா அம்மா மட்டும், இந்த நிலையில் போவது சரிதானா என்று கடைசியில் ஒரு வரி. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், எதைக் கூட எடுத்துப்போவது, எதை இங்கே வைத்துவிட்டுப் போவது, வைத்துவிட்டுப் போவதை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்கிறீர்கள். அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

நான் ஆலைகளில் இயந்திரப் பராமரிப்பு பார்த்தவன். சில வருடங்கள் ஜெர்மனியில் வேலை செய்துவிட்டு மதுரைக்கே திரும்பிவிட்டேன். இரண்டு ஊரிலும் போக்குவரத்து சைக்கிளில்தான், அதன் வேலை எல்லாம் என் கையால்தான். கார்பன் ஃபிரேம், எலக்ட்ரானிக் கியர் இரண்டிலும் என் கை பட்டதில்லை, அதனால் அவற்றைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. குடியேற்ற விதிகளில் நான் பொதுவாகத் தெரிந்ததைத்தான் சொல்வேன். அவை அடிக்கடி மாறுவதால் கிளம்பும்முன் தூதரகத் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

என் பதில் இதுதான்: சைக்கிளை விற்றுவிடுங்கள் அல்லது வீட்டில் வைத்துவிடுங்கள், பாகங்களில் பணம் போடாதீர்கள், மிச்சமிருக்கும் மாதங்களில் கைவேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். மதுரையில் ஆள் கூலி குறைவு, நல்ல பாகம் கிடைப்பதுதான் பாடு. வேண்டிய அளவில் ஒரு பிரேக் பேட் கிடைக்கவே பல சமயம் ஆன்லைனில் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஜெர்மனியில் இது அப்படியே தலைகீழ். செயினும் டயரும் எந்தக் கடையிலும் தொங்கும், ஆனால் அதை மாட்டித்தர ஆள் கூலி பாகத்தின் விலையைத் தாண்டிவிடும். ஒரு முழு சர்வீஸுக்கு 70, 80 யூரோ கேட்பது சாதாரணம். வசந்த காலம் தொடங்கிவிட்டால் பணத்தோடு நின்றாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் வரச்சொல்வார்கள். ஆக, இங்கே பாகம் வாங்கி அங்கே கொண்டுபோவது விலை கூடிய ஊரில் வாங்கி விலை குறைந்த ஊருக்குச் சுமப்பது. அங்கே விலை அதிகம் உள்ள பொருள் கைவேலை. அதற்கு லக்கேஜ் எடையும் கிடையாது.

பாகங்களைப் பற்றி நேராகவே சொல்கிறேன். 8 கியரை 11 ஆக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஷிஃப்டர் (ஹேண்ட்பாரில் கியர் மாற்றும் பிடி), டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் பாகம்), கேசட், செயின் நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும், கப்பலூர் ரோட்டில் அதனால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது. 8 கியர் செயின் அகலமானது, விலை குறைவு, கொஞ்சம் அழுக்கையும் தாங்கும். 6, 7, 8 மூன்று கியருக்கும் ஒரே செயின்தான். 2023-ல் பாகம் தயாரிக்கும் ஷிமானோ கம்பெனி கொண்டுவந்த க்யூஸ் என்ற கியர் பாக வரிசையைக் கடைக்காரர் காட்டினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதன் ஷிஃப்டரும் கேசட்டும் உங்களிடம் உள்ள பழைய வகையோடு கலக்காது. பாதி மாற்றிவிட்டுப் பாதியை வைத்துக்கொள்ள முடியாது. ஒரு சைக்கிளை ஓட்டுகிறவருக்கு உண்மையில் வித்தியாசம் தெரியும் இடங்கள் டயர், பிரேக் பேட், சீட், இந்த மூன்றுதான். மற்றதெல்லாம் வேலை செய்கிறவரை அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

டயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் மதுரைச் சைக்கிளின் முதல் எதிரி சீமைக் கருவேல முள். தென்கால் கண்மாய்க் கரை மாதிரி இடங்களில் வெட்டிப் போட்ட கிளைகளிலிருந்து முள் ரோட்டுக்கு வந்துவிடும். நாகமலைப் பக்கம் மண் பாதையில் இறங்கினால் நெருஞ்சி வேறு. கருவேல முள் குத்தினால் அடிப்பாகம் ஒடிந்து விழுந்துவிடும், நுனி மட்டும் டயருக்குள் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒரு கறுப்புப் புள்ளி, அவ்வளவுதான். உள்பக்கம் ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். டியூபை ஒட்டி மாட்டிவிட்டு மறுநாள் காலை பார்த்தால் திரும்பவும் காற்று இறங்கியிருக்கும், நாம் பஞ்சர் சரியாக ஒட்டவில்லை என்று நினைப்போம். ஒட்டியது சரிதான், முள்ளை எடுக்கவில்லை. டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு துண்டுப் பஞ்சை மெதுவாக இழுத்துக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் இழை மாட்டும். வெளியிலிருந்து ஊசியால் தள்ளினால் நுனி உள்பக்கம் எழும்பும், குறட்டால் பிடித்து உருவிவிடலாம். இன்னொன்று, டயரில் கம்பெனிப் பெயர் அச்சிட்ட இடத்தை எப்போதும் வால்வுக்கு நேராக வைத்து மாட்டுங்கள். டியூபில் ஓட்டை எங்கே என்று தெரிந்தால், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரில் முள் எங்கே என்றும் தெரிந்துவிடும். ஒட்டும்போது உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு போகும்வரை காயவிட்டு, பிறகுதான் பேட்ச் வைக்க வேண்டும். ஈரத்தில் வைத்த பேட்ச் நிற்காது.

வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று காற்றைக் குறைத்து ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். காலையில் 27 டிகிரியில் 60 பி.எஸ்.ஐ. அடிக்கிறீர்கள். சைக்கிள் வெயிலில் நின்று டயருக்குள் காற்று 57 டிகிரிக்குச் சூடேறினாலும் கூடுவது சுமார் 7 பி.எஸ்.ஐ.தான். நல்ல டயர் அதைச் சாதாரணமாகத் தாங்கும், இது நிச்சயம். அப்படியும் வெடிக்கிறதே என்றால் பெரும்பாலும் டயர் விளிம்பு ரிம்மில் சரியாக உட்காராமல் டியூப் இடுக்கில் மாட்டியிருக்கும், அல்லது பக்கச்சுவர் வெடிப்பு விட்ட பழைய டயராக இருக்கும். இது என் அனுபவத்தில் நான் கண்டது, எல்லா வெடிப்புக்கும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். காற்றைக் குறைத்து ஓட்டினால் பள்ளத்தில் ரிம் அடித்து டியூபில் பாம்பு கடித்ததுபோல் இரட்டை ஓட்டை விழும். டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குள் இருந்தால் போதும், பயப்படாதீர்கள்.

செயினை அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினின் ஒரு பின் நடுவிலிருந்து அடுத்த பின் நடுவுக்கு அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. ஸ்கேலின் பூஜ்யத்தை ஒரு பின்னின் நடுவில் வைத்தால், அதை விட்டு அடுத்ததிலிருந்து எண்ணி இருபத்து நான்காவது பின் மிகச்சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அது 12-ஐத் தாண்டி அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போயிருந்தால் புதுச் செயின் வாங்க ஆயத்தமாகுங்கள். எட்டில் ஒரு பங்கு போய்விட்டால் கேசட்டின் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் பல் தாண்டி வழுக்கும். செயின் இழுபட்டுவிட்டது என்று சொல்வோம், ஆனால் இரும்பு இழுபடுவதில்லை. பின்னும் அது சுழலும் துளையும் தேய்ந்து, ஒவ்வொரு கண்ணியிலும் மயிரிழை இடைவெளி விழுந்து, எல்லாம் கூடி நீளமாகத் தெரிகிறது. தேய்ப்பது மண்தான். அதனால் எண்ணெய் ஊற்றுவதைவிடத் துடைப்பதுதான் முக்கியம். ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஊறவிட்டு, வெளியே இருப்பதை முழுக்கத் துணியால் துடைத்தெடுங்கள். கையில் தொட்டால் பிசுபிசுக்கக் கூடாது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அங்கே வருடத்தில் பெரும்பகுதி கட்டியாகத்தான் கிடக்கும். துரு எடுக்கும் ஸ்பிரேயும் செயினுக்கு எண்ணெய் ஆகாது. அது கழுவிவிடும், தங்காது.

வீல் கோட்டம் எடுப்பதை நான் மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய கடையில் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்றேன். கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கோடு சேர்த்து ஒரு சாக்குக்கட்டியைப் பிடித்து, வீலைச் சுற்றிவிடுவார். கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் ரிம்மில் வெள்ளைக்கோடு விழும். கோடு வலது பக்கம் விழுந்தால் ரிம் வலது பக்கம் வந்திருக்கிறது, அந்த இடத்தில் இடதுபக்கப் போக்ஸ் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, வலதுபக்கக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்துவார். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகமாட்டார். நிப்பிளை (கம்பியின் ரிம் முனையில் உள்ள சின்ன நட்டு) டயர் பக்கத்திலிருந்து பார்த்துக் கடிகாரச் சுற்றில் திருப்பினால் இறுகும், எதிர்ப்பக்கம் திருப்பினால் தளரும். தொடங்குகிறவர்கள் எல்லோரும் குழம்புவது இந்த இடத்தில்தான். சாக்குக்கட்டி இல்லாவிட்டால் ஃபிரேமில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி நுனியை ரிம்முக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் போதும். பின்வீலில் கேசட் இருக்கும் வலதுபக்கக் கம்பிகள் எப்போதும் இடதைவிட இறுக்கமாக இருக்கும், அது கோளாறு அல்ல. ரிம்மை நடுவில் நிறுத்த அப்படித்தான் இருக்க வேண்டும். கிளம்புவதற்குள் ஒரு பழைய வீலை வாங்கி, வேண்டுமென்றே கோட்டமாக்கி, நிமிர்த்திப் பழகுங்கள். இந்த ஒரு வேலை தெரிந்தால் அங்கே உங்களுக்கு மரியாதையே தனி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வீலின் நடுவில் உள்ள ஹப்பில் பால்ஸ் மாற்றி, கிரீஸ் வைத்து, பால்ஸை அழுத்திப் பிடிக்கும் கோனைச் சரியான இறுக்கத்தில் நிறுத்தப் பழகுங்கள். வீலைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது, விரலால் சுற்றினால் கரகரக்கவும் கூடாது. வழக்கமாகப் பின்னால் கால் அங்குல பால்ஸ், முன்னால் அதைவிடச் சின்னது, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு. எதிர்மரை (வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றி இறுக்கும் மரை) இருக்கும் இடங்கள் இரண்டை மனதில் பதியுங்கள்: இடதுபக்கப் பெடல், அப்புறம் பெடல் அச்சு உட்காரும் கூட்டில் வலதுபக்கக் கப். பெடலுக்கு ஒரு வழி உண்டு. ஸ்பேனரை மேல்நோக்கி நிறுத்திப் பின்வீல் பக்கம் தள்ளினால் எந்தப் பக்கப் பெடலும் கழலும். பெடல் அச்சுக் கூட்டின் மரையை உலகம் முழுக்க பி.எஸ்.ஏ. என்றுதான் சொல்கிறார்கள். பர்மிங்காமில் இருந்த கம்பெனியின் பெயர் அது. 1949-ல் சென்னை அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அதே பெயரில் வண்டி விற்றதால் நமக்கு வீட்டுப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. ஆகவே இங்கே பழகிய கை அங்கேயும் அப்படியே செல்லும். உங்கள் டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, நகராத பக்கத்துப் பேடை அதன் திருகால் உள்ளே கொண்டுவர வேண்டும். கேபிளை மட்டும் இறுக்கிக்கொண்டே போனால் டிஸ்க் ஒரு பக்கமாக வளையும். எண்ணெய்க் கையோடு டிஸ்க்கைத் தொடாதீர்கள். நாளைக்குக் கேபிளுக்குப் பதில் திரவத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வாங்கினால், மினரல் ஆயில் வகைக்கு டாட் என்ற இன்னொரு வகைப் பிரேக் திரவத்தை ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல் எல்லாம் கெட்டுவிடும். அந்த ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு, வேலையைக் கடையில் விடுங்கள்.

சரி, இத்தனைக்குப் பிறகும் சைக்கிளைக் கொண்டுபோகத்தான் போகிறேன் என்றால், மூன்று விஷயம். மதுரையிலிருந்து ஜெர்மனிக்கு நேர் விமானம் இல்லை. சென்னைக்கோ பெங்களூருக்கோ ஒரு டிக்கெட், அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால் இரண்டு கம்பெனிக்கும் இரண்டு லக்கேஜ் விதி, இரண்டு கட்டணம். பெட்டியில் போடுவதென்றால் பெடலைக் கழற்றி, ஹேண்ட்பாரைத் திருப்பி, டீரெய்லரை அவிழ்த்து ஃபிரேமுக்குள் கட்டி, ஃபோர்க் முனைக்கு நடுவில் ஒரு கட்டை வைக்க வேண்டும். சுங்கத்தில், குடிபெயர்ந்து வருகிறவர் குறைந்தது 6 மாதம் பயன்படுத்திய சொந்தப் பொருளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் வரிவிலக்கு உண்டு. அதற்குப் பழைய பில் கையில் இருக்க வேண்டும். கிளம்பும் மாதத்தில் புதிதாக வாங்கிய சைக்கிளுக்கு அந்தச் சலுகை பொருந்தாது. இதை வாசிக்கும் வேறு யாராவது மின்சார சைக்கிள் வைத்திருந்தால், 160 வாட்-ஹவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், இந்தச் சைக்கிள்களின் பேட்டரி அனேகமாக அதைத் தாண்டியதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் டயரில் ஒரு துளி மண் இல்லாமல் கழுவிக் கொண்டுபோய், இறங்கியதும் வருகைப் படிவத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும்.

அங்கே போய் என்ன வாங்குவது? முதல் வருடத்துக்கு மட்கார்ட், கேரியர், ஹப் டைனமோ (வீலின் நடுவிலேயே மின்சாரம் எடுக்கும் டைனமோ) லைட் எல்லாம் மாட்டிய ஒரு பழைய சைக்கிள். சட்டப்படி ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு பிரேக், மணி, முன்னும் பின்னும் அங்கீகார எண் பொறித்த லைட், ரிஃப்ளெக்டர்கள் வேண்டும். நம்மூரில் நீங்கள் மாட்டியிருக்கும் சார்ஜ் லைட்டில் அந்த எண் இருக்காது. பேட்டரி லைட்டையே 2013-லிருந்துதான் டைனமோவுக்குப் பதிலாக ஒப்புக்கொள்கிறார்கள். ஹெல்மெட் கட்டாயம் இல்லை, ஆனாலும் போட்டுக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் வாங்கும்போது அசல் பில்லைக் கேளுங்கள், ஃபிரேம் எண்ணை ஒப்பிடுங்கள். சைக்கிள் திருட்டு அங்கே நிறைய, திருட்டு வண்டியை அறியாமல் வாங்கினாலும் உரியவர் வந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அடுத்து, பல ஊர்களிலும் பல்கலைக்கழகங்களிலும் நீங்களே ரிப்பேர் செய்துகொள்ளும் பொதுப் பட்டறைகள் இருக்கின்றன. கருவிகள் அங்கே இருக்கும், சொல்லித்தர ஆளும் இருப்பார்கள், சிறு தொகை கொடுத்தால் போதும். நான் ஜெர்மன் மொழியைக் கூச்சமில்லாமல் பேசியது அப்படி ஒரு பட்டறையில்தான். வீலை நிமிர்த்தத் தெரிந்தவனிடம் யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வாரம் ஒரு மாலை போக ஓர் இடம் வேண்டும், தம்பி. எனக்கு அது கிடைத்தது அங்கேதான்.

ஓட்டுவதில் ஆபத்தானவை எவை என்று சொல்லிவிடுகிறேன். அங்கே வலதுபக்கம் போக வேண்டும் என்பது தெரிந்ததே, ஆனால் ரோட்டைக் கடக்கும்போது தலை தானாக வலதுபக்கம்தான் முதலில் திரும்பும், வண்டி வருவது இடதிலிருந்து. பலகையோ சிக்னலோ இல்லாத சந்திப்பில் உங்களுக்கு வலதுபக்கத்திலிருந்து வருகிறவருக்கு முன்னுரிமை, அது சின்னத் தெருவாக இருந்தாலும். வெள்ளைச் சைக்கிள் வரைந்த நீல வட்டப் பலகை இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், அது விருப்பம் அல்ல. பிரேக் லீவரைக் கண்டிப்பாகச் சோதித்துப் பாருங்கள். நம்மூர்ச் சைக்கிள்களில் பெரும்பாலும் வலதுகை முன்பிரேக், அங்கே வலதுகை பின்பிரேக், இடதுகை முன்பிரேக். அவசரத்தில் பழைய பழக்கத்தில் இடதை அழுத்திப் பிடித்தால் குப்புறத் தூக்கிப் போட்டுவிடும். இன்னொன்று, அங்கே பல சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் விழும். நமக்குச் சிக்னல் வரும்போது பெடலைச் சும்மா பின்னால் சுற்றிக்கொண்டே போகும் பழக்கம் உண்டு, அங்கே அப்படிச் செய்தால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடும். ஓட்டத் தொடங்கும்முன் ஆளில்லாத இடத்தில் பழகிவிட்டு ரோட்டுக்கு வாருங்கள். நிம்மதியான செய்தியும் இருக்கிறது: 2020-லிருந்து கார்கள் சைக்கிளைத் தாண்டும்போது ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது சட்டம். குளிர்காலத்தில் ரோட்டில் உப்புப் போடுவார்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் ஒரே சீசனில் செயின் துருப்பிடித்துவிடும்.

இனி வீடு. அப்பாவுக்கு எதையும் புதிதாகக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள், வீட்டை அவருக்குப் புரியும்படி மாற்றிவிட்டுப் போங்கள். எந்த வால்வு எந்தப் பைப்புக்கு என்று பெயிண்டில் எழுதுங்கள்: சமையலறை, பாத்ரூம், மேல்தொட்டி, போர். மீட்டர் பெட்டியில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பெயர் ஒட்டுங்கள். மின்கசிவு கண்டால் தானே விழும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் கிளம்பும்முன் எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டுங்கள். வீட்டுக்கு 30 மில்லிஆம்பியர் வகை. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்ப்பது மட்டும் அப்பாவின் வேலை. மேல்தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்க ஏற்பாடு செய்யுங்கள், வயதானவர்கள் இருட்டில் மோட்டாரை நிறுத்த ஓடுவது நல்லதல்ல. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு அதிகம், கீசரிலும் குழாய் வாயிலும் படியும், வருடம் ஒருமுறை பிளம்பரை வரச்சொல்லி இப்போதே பேசிவையுங்கள். மதுரைக்குப் பெரிய மழை அக்டோபரில்தான் தொடங்கும், நீங்கள் கிளம்புவது செப்டம்பர். கிளம்பும்முன் மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் இறங்கும் துளையில் சருகை எடுத்து, தட்டோட்டு இடுக்குகளைப் பூசிவிட்டுப் போங்கள். எலக்ட்ரீஷியன், பிளம்பர், கேஸ் மூவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள், போனில் இருப்பது போதாது.

போவது சரிதானா என்ற வரிக்கு வருகிறேன். போங்கள் என்றுதான் சொல்வேன். இந்த வயதில் வேறு ஊரில் வேலை பார்த்துப் பார்ப்பது உங்களுக்குக் கிடைத்திருக்கும் நல்ல வாய்ப்பு, பயத்தினால் அதை விடாதீர்கள். நான் திரும்பி வந்தது பெற்றோருக்காக. அந்த முடிவு எனக்குப் பொருந்தியது, உங்களுக்கும் பொருந்தும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. நிச்சயமாகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. ப்ளூ கார்டில் (படித்துத் தேர்ந்த வேலையாட்களுக்கான ஐரோப்பிய வேலை அனுமதி) போகிறவருக்கு அடிப்படை ஜெர்மன் தெரிந்தால் 27 மாதத்தில், பி1 என்ற நடுத்தர அளவு தெரிந்தால் 21 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்பு கேட்க வழியுண்டு. குடியுரிமைக்கு 5 வருடம். ஆனால் இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஜெர்மன் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிறகு வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை எடுக்கலாம், அதை வைத்து விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. உசிலம்பட்டிப் பக்கம் உங்களுக்குப் புஞ்சை இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன். நிரந்தரக் குடியிருப்பு வேறு, குடியுரிமை வேறு. முதலாவதை வாங்கிவிட்டு இரண்டாவதை நிதானமாக யோசிக்கலாம்.

அப்பா அம்மாவிடம் "போய்ப் பார்க்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லாமல், அந்த 27 மாதத்தை ஒரு தவணையாகச் சொல்லுங்கள். அது முடியும்போது மூவரும் உட்கார்ந்து திரும்பப் பேசலாம் என்று தெரிந்தால் அவர்களுக்கும் மனது நிற்கும். திடீரென்று கிளம்ப வேண்டிவந்தால் கடைசி நேர டிக்கெட்டுக்கு ஆகும் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு, எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். போன் பேச நேரத்தை முன்பே முடிவு செய்யுங்கள். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் நாம் முன்னால் இருக்கிறோம். வேலை முடிந்து ஏழு மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பத்தரை, பதினொன்றரை, அவர்கள் தூங்கியிருப்பார்கள். உங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் இங்கே மாலைக் காபி நேரம். அதுதான் சரியாக வரும்.

ஒன்று விட்டுப்போயிற்று. அப்பாவின் பழைய 28 அங்குலக் கருப்பு சைக்கிளுக்கு அங்கிருந்து நல்ல டயர் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அங்கே 28 என்று எழுதி விற்பது அனேகமாக 622 மி.மீ. விட்டம், அப்பாவுடையது 28 x 1½, அதாவது 635. இரண்டும் 28 என்றுதான் சொல்லப்படும், ஆனால் ஒன்று மற்றதில் ஏறவே ஏறாது. டயரின் பக்கத்தில் 40-635 என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள். நெதர்லாந்துப் பழைய மாடல் சைக்கிள்களுக்கு அந்த அளவு இன்னும் வருகிறது. என்னைக் கேட்டால் டயருக்கு மதுரைக் கடையே போதும். அதற்குப் பதில் அங்கே ப்ளிட்ஸ் என்று ஒரு வால்வு விற்பார்கள். நம் கருப்பு சைக்கிளில் வால்வில் மாட்டுகிற அந்தச் சின்ன ரப்பர் குழாய் அதில் கிடையாது, காற்று அடிக்க அழுத்தமும் குறைவாகவே தேவைப்படும். அப்பாவின் டியூபில் இருக்கும் அதே வகைத் தண்டில் உட்காரக்கூடியதுதான். முதலில் ஒன்றை அனுப்பி, மரை பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு நாலைந்து வாங்கி அனுப்புங்கள்.